முள் ஏறினால் எஞ்சின் பிழைக்காது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. லாபுவுக்கு உள்ளே, செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் செம்மண் சாலையில் என் தங்கை மகனின் கேஇ70 கொரோலா நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் முப்பது அடிக்கு ஒரு கறுப்புக் கோடு. மண் குடித்தது போக மிச்ச எண்ணெய் இன்னும் வெயிலில் மினுங்கியது. பையன் குந்தி உட்கார்ந்து ஆயில் ஃபில்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் ரப்பர் வளையம் ஒரு பக்கம் பிதுங்கி, அறுந்த நாக்கு மாதிரி வெளியே தொங்கியது. "மாமா, பிரஷர் நல்லாத்தான் இருந்துச்சு. காலையில ஸ்டார்ட் பண்ணப்போ எட்டு பார் காட்டுச்சு" என்றான்.

அந்த எட்டு பார்தான் எஞ்சினைக் கொன்றது.

மூன்று நாளைக்கு முன்னால்தான் அவன் ஒரு பட்டறைக்குப் போயிருக்கிறான். எஞ்சின் சூடேறியதும் ஐட்லிங்கில் முள் 0.8 பாரில் நிற்கிறது என்று காட்டியிருக்கிறான். ஃபோர்மேன் எட்டிப் பார்த்தார். "மீட்டர் படுத்துடுச்சு தம்பி. உள்ள எல்லாம் தேஞ்சு போச்சு. கெட்டி எண்ணெய் ஊத்தணும்" என்றார். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் பாண்டைத் திறக்கவில்லை. வேறொரு மீட்டரை வைத்துப் பார்க்கவில்லை. எண்ணெயின் சூடு எவ்வளவு என்று கேட்கவில்லை. 20டபிள்யூ-50 ஊற்றி, அதன் தலையில் ஒரு பாட்டில் கெட்டிமருந்தும் ஊற்றி, அதுவும் போதாதென்று ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்கு அடியில் இரண்டு வாஷர் சொருகிவிட்டார். முள் ஏறியது. பையன் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தான். மூன்றாம் நாள் காலைக் குளிரில் அந்தக் கெட்டி எண்ணெய் போக வழியில்லாமல் முட்டி, ஃபில்டரின் ரப்பரைப் பிதுக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தது. அவன் கவனித்து எஞ்சினை நிறுத்துவதற்குள் பேரிங் பிடித்துக்கொண்டது.

இது அந்த ஒரு ஃபோர்மேனின் தவறு என்றால் நான் எழுதியே இருக்க மாட்டேன். சிரம்பானில் கேளுங்கள், ரந்தாவில் கேளுங்கள், பகாவில் கேளுங்கள். எல்லாப் பட்டறையிலும் இதே வேதம்தான்: முள் மேலே நின்றால் எஞ்சின் ஆரோக்கியம், கீழே வந்தால் சாவு. உடம்பில் பிரஷர் ஏறினால் கிளினிக்குக்கு ஓடுகிற அதே மனிதர்கள், எஞ்சினில் பிரஷர் ஏறினால் தேங்காய் உடைக்கிறார்கள்.

அந்த 0.8 பார் குறைவு என்று யார் சொன்னது? எஞ்சினைச் செய்தவன் சொல்லவில்லை. பையன் காடியில் இருந்தது 16 வால்வு 4ஏ-ஜிஇ. டொயோட்டா 1983-இல் ஏஇ86-இல் கொண்டுவந்த 1,587 சிசி எஞ்சின். அதன் பழுதுபார்ப்புக் கையேட்டில் டொயோட்டாவே அச்சிட்டு வைத்திருக்கிறது: ஐட்லிங்கில் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ அல்லது அதற்கு மேல். 3,000 ஆர்பிஎம்மில் 2.5 முதல் 5.0 வரை. 0.3 கிலோ என்பது ஏறத்தாழ 0.3 பார். பையனின் மீட்டர் காட்டியது அதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்! செய்தவன் 0.3 போதும் என்கிறான். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் தகரக் கூரை போட்டு உட்கார்ந்திருப்பவர் 0.8 போதாது என்கிறார். யாரை நம்புவது?

ஹோண்டாவும் அப்படித்தான். நம் பையன்கள் சிவிக்கில் மாற்றிப் போடுகிற பி16ஏ எஞ்சினுக்கு, எண்ணெய் 80 டிகிரியில் இருக்கும்போது, ஐட்லிங்கில் குறைந்தது 0.7 பார், 3,000-இல் 3.4 பார் என்பதுதான் கணக்கு. ஆனால் எனக்கு டொயோட்டாவின் 0.3 போதும். இனி யார் என்னிடம் "மீட்டர் படுத்துடுச்சு" என்று சொன்னாலும் அந்த 0.3-ஐத்தான் முகத்துக்கு நேரே காட்டப்போகிறேன்.

பம்ப் பிரஷரைச் செய்வதில்லை என்பது இவர்களுக்கு ஏன் புரியவில்லை? பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று தள்ளுகிறது. அந்த எண்ணெய் போகும் வழி எவ்வளவு குறுகலோ, எண்ணெய் எவ்வளவு கெட்டியோ, அந்த அளவுக்குத்தான் முள் ஏறும். தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் பீய்ச்சி அடிக்கும். அதைப் பார்த்து "ஆகா, தண்ணீர் கூடிவிட்டது" என்று எந்தப் பைத்தியக்காரனாவது வாளியைத் தூக்கிக்கொண்டு வருவானா? கெட்டி எண்ணெய் ஊற்றினால் நடப்பது அந்தக் கட்டைவிரல் வேலைதான். மீட்டர் ஏறும். ரிலீஃப் வால்வு சீக்கிரம் திறந்து, பேரிங்குக்குப் போக வேண்டிய எண்ணெயில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அந்த வால்வையும் வாஷர் வைத்து இறுக்கிவிட்டால்? செம்மண் சாலையில் கறுப்புக் கோடு விழும்.

பேரிங்கைத் தாங்குவதும் பம்ப் பிரஷர் இல்லை. இதை 1883-இலேயே ஒரு ஆள் கண்ணால் பார்த்துவிட்டார். பீச்சம்ப் டவர் என்ற இங்கிலாந்து எஞ்சினியர், ரயில் அச்சு மாதிரி ஒரு பேரிங்கைச் சோதித்தபோது, எண்ணெய் விடுவதற்காக அதன் உச்சியில் ஒரு துளை போட்டார். அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தள்ளி எறிந்தது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளி எறிந்தது. அங்கே பம்ப் எதுவும் கிடையாது. சுற்றுகிற அச்சே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போய், தன் பாரத்தைத் தானே அந்த மெல்லிய எண்ணெய் ஏட்டின் மேல் தூக்கி வைத்துக்கொள்கிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கே போட்டுக் கொடுத்துவிட்டார். பம்பின் வேலை அந்த இடுக்கு காயாமல் எண்ணெய் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான். நூற்று நாற்பது வருஷம் ஆகிவிட்டது. இந்தச் செய்தி இன்னும் நம் பட்டறைகளுக்கு வந்து சேரவில்லை.

சரி, முள் உண்மையாகவே இறங்கினால்? முதலில் மீட்டரையே சந்தேகப்பட வேண்டும். ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் போகிறது. மரையில் வெள்ளை டேப்பை வளைத்து வளைத்துச் சுற்றினால் எர்த் கெட்டு, முள் இஷ்டத்துக்கு ஆடும். ஜப்பான் எஞ்சினின் மரை அங்குலத்துக்கு 28 பல். கடையில் வாங்கும் பல சென்சார்களில் 27 பல். அதை முறுக்கித் திணித்துவிட்டு எஞ்சினைக் குறை சொல்கிறார்கள். நேராகக் குழாய் வைத்த மெக்கானிக்கல் மீட்டர் ஒன்றை மாட்டி, எண்ணெய் நன்றாகச் சூடான பிறகு, ஐட்லிங்கில் ஒன்று, 3,000-இல் ஒன்று என்று இரண்டு எண் எடுக்கக் கால் மணி நேரம் போதும்.

அதற்குப் பிறகும் குறைந்தால், எப்போது குறைகிறது என்று பார். சிப்பாங் டிராக்கின் நீண்ட வளைவில் மட்டும் முள் விழுந்து எழுந்தால், எண்ணெய் பாண்டின் ஓரத்துக்கு ஓடிப்போய் உறிஞ்சுகுழல் காற்றை இழுக்கிறது. பாண்டுக்குள் தடுப்புத் தகடு வை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார். பெரிய இன்ஜெக்டர் போட்டுப் பெட்ரோலை வாரி இறைத்த டர்போ எஞ்சினில் எண்ணெயோடு பெட்ரோல் கலந்திருக்கும். சூட்டில் மட்டும் குறைந்தால் ஆயில் கூலரைப் பார். ஐட்லிங்கிலும் 3,000-இலும் கையேட்டுக்குக் கீழே போனால், அப்போதுதான் பேரிங்கைப் பற்றிப் பேச்சு. இந்த நான்கு நோய்க்கும் ஒரே பாட்டிலா மருந்து?

என் அப்பா ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஃபேக்டரி எஞ்சின் டிரைவராக இருந்தவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புதான் படிப்பு. எஞ்சின் பக்கத்தில் ஒரு நீள நோட்டுப் புத்தகம் ஆணியில் தொங்கும். மணிக்கு ஒரு முறை பிரஷரையும் சூட்டையும் பென்சிலால் எழுதுவார். ஒரு நாள் முள் கொஞ்சம் இறங்கியிருந்தால் எண்ணெய் டின்னைத் தேட மாட்டார், நோட்டைத்தான் முதலில் புரட்டுவார். "நேத்து இதே நேரம், இதே சூட்டுல எவ்வளவு?" என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் இன்றைக்கு எந்தப் பட்டறையில் இருக்கிறார்?

நீலாய், லாபு, செண்டாயான் பக்கமெல்லாம் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. ஃபேக்டரி போயிற்று, அந்த நோட்டுப் புத்தகமும் போயிற்று. அப்பாவிடம் தொழில் கற்றிருக்க வேண்டிய பையன்கள் ஹாஃப்-கட் கடையில் பூர்வீகம் தெரியாத எஞ்சினை வாங்கி, வாய்வழியாய் வந்ததை வேதமாக்கிவிட்டார்கள். "ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ வேணும்" என்பார்கள். அது அமெரிக்கப் பந்தயப் பட்டறைகளில் பழைய வி8 எஞ்சின்களுக்காகச் சொல்லப்பட்டது. 4ஏ-ஜிஇக்கும் அதற்கும் என்ன உறவு? கேட்டால் கோபம் வரும். "நான் இருபது வருஷமா செய்யுறேன்" என்பார்கள். இருபது வருஷம் தப்பாகச் செய்தால் அது அனுபவமாகிவிடுமா? பெரியவர் சொன்னால் தலையாட்டு என்று வீட்டிலும் பள்ளியிலும் நாம்தானே பிள்ளைகளை வளர்க்கிறோம்! பட்டறையில் அவன் எப்படி வாய் திறப்பான்? போர்ட்டிக்சனில் 1963-இலிருந்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நிற்கிறது. அந்த ஆலை இருக்கும் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு எண்ணெய் என்றால் கெட்டி, தண்ணி என்ற இரண்டே வார்த்தைதான் தெரியும் என்பது எனக்கு அவமானமாக இருக்கிறது.

எஞ்சினுக்கு மட்டும் மூவாயிரம் வெள்ளி போட்டிருந்தான் என் தங்கை மகன். ஷிஃப்டு முடிந்து ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு. முள் கீழே இருந்தபோது உயிரோடு இருந்த எஞ்சின் அது. முள் மேலே ஏறிய மூன்றாம் நாள் செத்துவிட்டது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

தம்பிகளே, அடுத்த முறை யாராவது உன் காடியை எட்டிப் பார்த்து "மீட்டர் குறைச்சல்" என்றால் மூன்றே கேள்வி கேள். எண்ணெய் எத்தனை டிகிரியில் பார்த்தீங்க அண்ணே? எந்த மீட்டர் வெச்சுப் பார்த்தீங்க? இந்த எஞ்சினுக்குக் கம்பெனி போட்ட எண் எவ்வளவு? மரியாதையாகவே கேள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அந்தக் கையில் ஸ்பேனரைக் கொடுக்காதே. சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிடு.