மாமியார் உடம்பிலும் உண்டு!

'எனக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு பத்தியம் சரியாக இருக்காததால்தான் வந்தது என்கிறார் மாமியார். உண்மையா டாக்டர்?' என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

இல்லை அம்மா. பிரசவம் முடிந்த முதல் மூன்று மாதங்களில் இந்த நோய் தலைதூக்குவது அதிகம். பழி பத்தியத்தின் மேல் விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

மின்சார ஒயருக்கு மேலுறை இருப்பதுபோல நரம்புக்கு மயலின் என்ற உறை உண்டு. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே அதை எதிரியாக நினைத்து அரிப்பதுதான் இந்த நோய். ஏன் அப்படி? சந்தேகப் பட்டியலில் நம் மரபணுவுக்குள்ளேயே இருக்கும் பழைய வைரஸ்களும் உண்டு.

நம் டி.என்.ஏ.வில் சுமார் 8 சதவிகிதம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதை உயிரினங்களைத் தொற்றிய ரெட்ரோ வைரஸ்களின் மிச்சம். பெரும்பாலும் உடைந்த ஓட்டாஞ்சில்லுகள்தான். ஆனால், நஞ்சுக்கொடி உருவாக உதவும் சின்சைட்டின் என்ற புரதம், 'ஹெர்வ்-டபிள்யூ' என்ற வைரஸ் குடும்பம் கொடுத்த சீதனம். அந்த வைரஸுக்கு நாமெல்லாம் நன்றி சொல்ல வேண்டும்!

சந்தேகம் விழுந்திருப்பதும் இதே குடும்பத்தின் மீதுதான். 1989-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஹெர்வே பெரோன், மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் நோயாளியின் செல்களில் ரெட்ரோ வைரஸ் துகள்களைப் பார்த்தார். பிறகு, நோயாளிகளின் மூளையில் புண்பட்ட இடங்களில் இந்தக் குடும்பத்தின் புரதம் தென்பட்டது. எதிர்ப்பு செல்களை அது உசுப்பிவிடுவது ஆய்வகத்தில் தெரிந்தது.

தூங்கியதை எழுப்புவது யார்? எப்ஸ்டீன்-பார் வைரஸாக இருக்கலாம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினரின் தகவல்களை அலசி 2022-ல் வெளியான ஆய்வில், அந்த வைரஸ் தொற்றியவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது. ஆனால், பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அது தொற்றியிருக்கும். நோய் வருவதோ வெகு சிலருக்கு. பரம்பரை, வைட்டமின் டி குறைவு, புகைபிடித்தல் எல்லாம் சேர வேண்டியிருக்கிறது.

பழைய வைரஸ் நோயைக் கிளப்புகிறதா, நோய் வந்ததால் விழிக்கிறதா என்பது இன்னும் தீராத வழக்கு. அந்தப் புரதத்தைக் கட்டிப்போட டெமலிமாப் என்ற மருந்தைச் சோதித்தார்கள். அழற்சி எதிர்பார்த்தபடி குறையவில்லை. மூளை சுருங்குவது மட்டும் சற்று மட்டுப்பட்டதாகத் தெரிந்தது. ஆகவே, இப்போதைய மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பால் கொடுப்பதாக இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி, அதற்கேற்ற மருந்தைக் கேளுங்கள்.

வைரஸ் என்றதும் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வேண்டாம். இந்த மிச்சங்கள் எல்லோரிடமும் உண்டு, உங்கள் மாமியாரிடமும்தான். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரையும் அழைத்துப் போங்கள்.