முதல் வாய்ப்பைத் தந்தவர்



ஒரு படம் பிடித்துப்போனால் நடிகரைப் பாராட்டுகிறோம், இயக்குநரைக் கொண்டாடுகிறோம். தயாரிப்பாளர் நம் பேச்சில் வருவது அபூர்வம். ரோஜர் கோர்மன் அப்படி விட்டுவிடக் கூடாத மனிதர்.

1926-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்தும், கிடைத்த வேலையை நான்கே நாளில் உதறிவிட்டு, சினிமா ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தார். 1954 முதல் சொந்தமாகப் படமெடுத்தார். பணத்தட்டுப்பாட்டை வேகத்தால் ஈடுகட்டினார். வேறொரு படத்துக்குப் போட்ட செட்டில், 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' (1960) படத்தின் பெரும்பகுதியை இரண்டு பகல், ஓர் இரவில் எடுத்து முடித்தார்.

அதைவிட நம்மைக் கவர்வது, புதியவர்கள் மீது அவர் வைத்த நம்பிக்கை. மூத்த நடிகர் போரிஸ் கார்லோஃப் அவருக்கு இரண்டு நாள் கால்ஷீட் பாக்கி வைத்திருந்தார். அந்த இரண்டு நாளையும், கார்லோஃப் நடித்த பழைய படமொன்றின் காட்சிகளையும் இளைஞர் பீட்டர் போக்டனோவிச்சிடம் கொடுத்து, ஒரு முழுப் படம் எடுக்கச் சொன்னார். போக்டனோவிச் கார்லோஃபை ஓய்வுபெற நினைக்கும் பேய்ப்பட நடிகராகவே ஆக்கி, அந்தப் பழைய காட்சிகளைக் கதைக்குள் ஓடும் படமாக்கிவிட்டார். 1968-இல் வெளிவந்த 'டார்கெட்ஸ்' இன்றும் பேசப்படுகிறது.

கொப்போலா, ஸ்கோர்செஸி, ஜொனாதன் டெம்மி, ரான் ஹோவர்ட், ஜேம்ஸ் கேமரூன் என அவரிடம் தொழில் பழகிய இயக்குநர்களின் வரிசை நீளமானது. சம்பளம் சொற்பம், வேலையோ ராப்பகலாக. ஆனாலும் அனுபவமில்லாதவர்கள் கையில் கேமராவைக் கொடுக்க அவர் தயங்கவில்லை. பெரியாளான பிறகும் அவர்கள் அவரை மறக்கவில்லை. 'தி காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் கொப்போலா அவரைச் செனட்டராக நடிக்க வைத்தார்.

மலிவுப் படங்கள் எடுத்த அதே மனிதர்தான் வெளிநாட்டு மேதைகளான பெர்க்மன், ஃபெலினி, குரோசாவா ஆகியோரின் படங்களை வாங்கி அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியிட்டார். 2009-இல் கௌரவ ஆஸ்கர் பெற்றார். 2024 மே மாதம், 98 வயதில் மறைந்தார்.

உங்கள் அலுவலகத்திலோ பட்டறையிலோ அனுபவமில்லாத ஓர் இளைஞர் வேலை கேட்டு வரலாம். அவரை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படையுங்கள். கோர்மன் வாழ்ந்து காட்டியது அதைத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்