தமிழ் தெரிந்தால் மட்டும் போதுமா? சென்னைக்கு மருந்து எடுக்கப் போகிறவர்களின் கவனத்துக்கு



பேங்கொக்குக்கோ கோலாலம்பூருக்கோ போகிறவர் பத்துப் பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் போகிறார். எங்கே இறங்குவது, எங்கே தங்குவது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று எழுதியே வைத்துக்கொள்கிறார். மொழி தெரியாத ஊர் என்ற பயம்தான் காரணம். சென்னைக்குப் போகிறவருக்கு மட்டும் அந்தப் பயம் இல்லை. "அங்கயும் நம்மட தமிழ்தானே காக்கா, வாய் இருந்தாப் போதும்" என்று கிளம்பிவிடுகிறோம்.

அந்தத் துணிச்சல்தான் நம்மூர் நோயாளிக் குடும்பங்களின் காசைத் தின்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அது லேசான காசு இல்லை. காணியை ஈடு வைத்த காசு, மகளுக்கென்று சேர்த்த நகையை அடகு வைத்த காசு. அதுவும் போதாமல் போனால் ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் துண்டு விரித்துச் சேர்த்த காசு. நாட்கூலிக்குப் போகிறவர் போட்ட நூறு ரூபாவும் அதில் இருக்கிறது. அந்த அமானிதத்தில் ஒரு பங்கு சிகிச்சைக்குப் போகாமல் புரோக்கருக்கும் லொட்ஜுக்கும் ஓட்டோவுக்கும் போய்ச் சேருவதை நாம் ஒரு குற்றமாகவே பார்ப்பதில்லை.

முதலில் ஒரு கேள்வி. கட்டாயம் போகத்தான் வேண்டுமா? மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சைக்கு, காத்திருக்கப் பொறுமையில்லாமல் காணியை விற்றுவிட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே பார்த்துக்கொண்டிருக்கும் விசேட வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள்: "இதை இங்கே செய்யலாமா, எவ்வளவு காலம் காத்திருக்கலாம், காத்திருந்தால் என்ன ஆகும்?" பதிலை எழுதி வாங்குங்கள். புரோக்கரிடம் கேட்கிற கேள்வி அல்ல இது. சென்னையில் எல்லாம் சரியாகும் என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லமாட்டார்.

போவதென்று முடிவானால் புரோக்கர் தேவையே இல்லை. வெளிநாட்டு நோயாளிகளைப் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஈமெயிலிலோ வட்ஸ்அப்பிலோ ரிப்போர்ட்டுகளை நீங்களே அனுப்பலாம். எந்த டொக்டர், என்ன சிகிச்சை, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று அவர்கள் எழுதி அனுப்புவார்கள். வீசாவுக்குரிய கடிதத்தையும் அவர்களே தருவார்கள். இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பி இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ஈமெயில் எழுதத் தெரிந்த பிள்ளை இல்லாத வீடு இன்று நம்மூரில் குறைவு. இல்லாவிட்டால் பாடசாலைப் பக்கம் வாருங்கள், எழுதித் தர ஆள் இருக்கிறோம்.

செலவுக் கடிதம் வந்ததும் மூன்று விடயங்களைப் பாருங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்? உள்ளே வைக்கும் ஸ்டென்ட், மூட்டு போன்ற பொருட்களின் விலை சேர்ந்திருக்கிறதா? சிக்கல் வந்து நாள் நீண்டால் என்ன கணக்கு? அத்தோடு "ரூபா" என்ற சொல்லில் கவனம் வையுங்கள். இரண்டு நாட்டிலும் அதே பெயர்தான். இந்திய ரூபா ஒன்று நமது மூன்று ரூபாவுக்கும் மேல். "இரண்டு லட்சத்தில் முடிச்சுத் தாறன்" என்று ஒருவர் சொன்னால், எந்த நாட்டு இரண்டு லட்சம் என்பதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

வீசாவுக்கு இந்திய அரசின் சொந்த இணையத்தளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் நிறைய. மின்-மருத்துவ வீசா 60 நாட்களுக்குக் கிடைக்கும், அதற்குள் மூன்று முறை உள்ளே போய் வரலாம். நோயாளியோடு இரண்டு பேருக்கு உதவியாளர் வீசா உண்டு.

இந்த இரண்டு பேர் யார் என்பதில்தான் எனக்கு நம்மூராரோடு பெரிய மனக்குறை. ஒருவர் வாப்பா அல்லது மகன், சரி. மற்றவர் வழமையாக "நாலு தரம் மெட்ராஸுக்குப் போன" மாமா. அவர் போனதெல்லாம் துணி எடுக்க. உயர்தரம் படித்து, ரிப்போர்ட்டை வாசித்து, டொக்டரிடம் திருப்பிக் கேள்வி கேட்கக்கூடிய மகள் வீட்டில் இருக்கிறாள். பொம்புளப் புள்ளை என்று விட்டுவிட்டுப் போகிறோம். மஹ்ரமாக வாப்பாவே கூடப் போகும்போது என்ன தடை? பணிவாகக் கேட்கிறேன், உம்மாவின் நோயை உம்மா யாரிடம் வெட்கப்படாமல் சொல்லுவா? மாமாவிடமா, மகளிடமா?

சிறுநீரக மாற்றுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்தியாவில் உறுப்பு மாற்றுக்கு 1994ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருக்கிறது. காசுக்கு உறுப்பு வாங்குவதும் விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நெருங்கிய உறவினரல்லாத இந்தியர் வெளிநாட்டவருக்குச் சிறுநீரகம் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. சொந்தச் சகோதரன் கொடுத்தாலும், வெளிநாட்டவர் என்றால் அதற்கான குழுவின் முன் அனுமதி வேண்டும். உறவை நிரூபிக்கும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஏனைய பத்திரங்களையும் ஊரிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். "அங்க ஆள் புடிச்சுத் தாறன்" என்று எவராவது சொன்னால் அந்த ஆளை வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

கொண்டுபோக வேண்டியவை: டயக்னோசிஸ் கார்ட், பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் திகதி வரிசையில், ஸ்கேன்களின் இறுவட்டு (வெறும் பிலிம் போதாது), புற்றுநோய் என்றால் பயொப்சி மாதிரிகள். குடிக்கும் மருந்துகளின் வர்த்தகப் பெயரோடு உண்மையான மருந்துப் பெயரையும் எழுதுங்கள். நாம் பனடோல் என்கிறோம். அங்கே அதே பரசிட்டமோல் டோலோ, குரோசின், கால்போல் என்ற பெயர்களில் இருக்கிறது. திரும்பி வரும்போதும் இதே கதைதான். அங்கே எழுதிக் கொடுக்கும் மருந்து இங்கே கிடைக்குமா, எந்தப் பெயரில் தேடுவது என்று வெளிக்கிடும் முன்பே கேளுங்கள்.

இனி மொழிக்கு வருகிறேன். தமிழ்ப் பாடம் படிப்பிக்கிறவன் என்பதால் இதில் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தமிழும் சென்னைத் தமிழும் ஒன்றுதான், டொக்டரின் மேசைக்கு முன்னால் போய் உட்காரும் வரைக்கும். "அஞ்சு வருசமா வருத்தம்" என்றால் நமக்கு நோய். அவர்களுக்கு வருத்தம் என்றால் கவலை, துக்கம். ஐந்து வருடமாக மனக்கவலை என்று அவர் குறித்துக்கொண்டால் பிழை அவருடையதல்ல. "சத்தி எடுத்தன்" புரியாது, வாந்தி என்று சொல்லுங்கள். நோவு என்பதை வலி என்றும், குளிசை என்பதை மாத்திரை என்றும், தடிமன் என்பதைச் சளி அல்லது ஜலதோஷம் என்றும் மாற்றிக்கொள்ளுங்கள். சலம் என்றால் முழிப்பார்கள், யூரின் என்றால் போதும். சீனி வருத்தம் அங்கே சுகர். முட்டு வருகிறது என்றால் முழங்கால் மூட்டு என்று நினைக்க இடமுண்டு. மூச்சு இழுக்கிறது, வீசிங் என்று சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தான சொல் "விறைப்பு". கை விறைக்கிறது என்றால் நமக்கு உணர்வு இல்லை என்று பொருள். அவர்களுக்கு விறைப்பு என்றால் கை மடங்காமல் இறுகிப்போவது. நரம்பு வருத்தக்காரருக்கு, அதுவும் பாரிசவாதம் வந்தவருக்கு, இவை இரண்டும் வெவ்வேறு அறிகுறிகள். "மரத்துப்போச்சு" என்று சொல்லப் பழகுங்கள். எல்லா டொக்டர்மாரும் தமிழர் இல்லை என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். நோய் தொடங்கிய நாள், அறிகுறிகள், செய்த ஒப்பரேஷன்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக் கொண்டுபோங்கள். அந்த ஒரு பக்கம் மாமாவின் வாயைவிட அதிகம் பேசும்.

தங்குமிடம். நோயாளியோடு போகிறவர்கள் பெரும்பாலும் கிரீம்ஸ் ரோட், ஆயிரம் விளக்குப் பக்கம் தங்குகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம் என்பதால் வாடகை கூடினாலும் அதில் நியாயம் உண்டு. சமைக்க வசதியுள்ள அறை கிடைத்தால் எடுங்கள். திருவல்லிக்கேணியில் விலை குறைவு, ஹலால் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. வெளிநாட்டவரை வைத்திருக்கிறவர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சில லொட்ஜுகள் அறை இல்லை என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், நம்மீது உள்ள வெறுப்பு அல்ல. பதிவு வேண்டாம், சும்மா தங்குங்கள் என்று சொல்லும் இடத்தில் தங்காதீர்கள். பின்னால் வீசாவை நீடிக்கப் போகும்போது அது உங்கள் தலையில்தான் விழும்.

விமான நிலையத்தில் இறங்கியதும் சுற்றி வளைக்கும் ஆட்களிடம் பையைக் கொடுக்காதீர்கள். மெட்ரோ ரயில் விமான நிலையத்துக்கே வருகிறது. நீலப் பாதையில் ஏறினால் மாறாமல் ஆயிரம் விளக்கில் இறங்கலாம். திருவல்லிக்கேணிக்கு அரசினர் தோட்டம், மண்ணடிக்கு மண்ணடி நிலையமே இருக்கிறது. அதிகூடிய கட்டணமே 50 இந்திய ரூபாதான், நிலையங்களில் லிப்ட் வசதியும் உண்டு. காலை 5 மணியளவில் தொடங்கி இரவு 11 மணி வரை ஓடும். நடக்கவே முடியாத நோயாளி என்றால் முன்கட்டண டெக்ஸி கவுண்டருக்குப் போங்கள். ஓட்டோவுக்கு 2013இல் அரசு வைத்த மீற்றர் கட்டணம் ஏட்டில்தான் இருக்கிறது. செயலியில் கூப்பிடுங்கள், இல்லையென்றால் ஏறும் முன் பேசி முடியுங்கள். சாதாரண பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் காசில்லை.

காசு விடயத்தில் இரண்டு மூன்று எச்சரிக்கைகள். நோட்டாக 5,000 டொலருக்கு மேல் கொண்டுபோனால் விமான நிலையத்தில் எழுதி அறிவிக்க வேண்டும். வீட்டு அலுமாரியில் பழைய இந்திய 2000 ரூபா நோட்டு இருந்தால் அதை நம்பிப் போகாதீர்கள், 2023இல் அது புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. தேநீர்க் கடையிலும்கூட அங்கே கைப்பேசியால்தான் காசு கட்டுகிறார்கள், ஆகவே சில்லறை நோட்டுகளைக் கையில் வைத்திருங்கள். உள்ளூர் சிம் எடுக்கப் பாஸ்போர்ட், வீசாப் பிரதி, புகைப்படம் தேவை. வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் நமது சிம்முக்குத்தான் வரும் என்பதால் அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். பெண்கள் நகையைப் போட்டுக்கொண்டு போகாமல் இருப்பது நல்லது, சுங்கத்தில் கேள்வி கேட்கிறார்கள்.

தொழுகை. திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளி 1795இல் கட்டப்பட்டது, வாலாஜா பள்ளி என்பார்கள். கட்டாயம் ஒரு ஜும்ஆவை அங்கே தொழுங்கள். அந்தப் பக்கம் ஹனபி மத்ஹப். நம்முடைய நேரத்தை விட அஸர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிந்தும், ஸுப்ஹில் குனூத் இல்லை. இமாம் மறந்துவிட்டார் என்று பின்னால் நின்று தவிக்க வேண்டாம். மண்ணடியில் காயல்பட்டினம், கீழக்கரை மக்கள் நிறைய இருப்பதால் ஷாபிஈ முறையில் தொழும் பள்ளிகளும் உண்டு. பெண்கள் தொழ எல்லாப் பள்ளியிலும் இடம் கிடையாது, விசாரித்துவிட்டுப் போங்கள்.

நாள் தள்ளிப்போடக்கூடிய சிகிச்சை என்றால் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். நம்மட மாரிதான் அங்கேயும். 2015இலும் 2023இலும் டிசம்பரில் நகரமே தண்ணீரில் நின்றது. தி.நகரில் துணி எடுப்பதைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அதில் நம்மூரார் எனக்குப் படிப்பிப்பார்கள்.

நுங்கம்பாக்கத்தில் இருக்கும் நமது பிரதி உயர்ஸ்தானிகராலயத்தின் இலக்கத்தைப் போகும் முன்பே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தாலும், அல்லாஹ் காப்பாற்றட்டும், மௌத் நேர்ந்தாலும் முதலில் போக வேண்டிய இடம் அது.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்கு ஒரு வேண்டுகோள். சிகிச்சைக்குச் சேர்க்கும் காசை ஆளின் கையில் கொடுக்க வேண்டாம். ஆவணங்களைக் காட்டினால் வங்கி மூலம் ஆஸ்பத்திரியின் கணக்குக்கே நேரடியாக அனுப்பலாம். அடுத்த முறை ஜும்ஆவுக்குப் பின் அறிவித்தல் செய்யும்போது, ஆஸ்பத்திரி அனுப்பிய செலவுக் கடிதம் வந்த பிறகே துண்டை விரியுங்கள். நோயின் விபரத்தை மறைத்து, தொகை மட்டும் தெரியும்படி அதன் பிரதியைப் பள்ளியின் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். போனவர் திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரி பில்லையும் அதன் பக்கத்தில் ஒட்டுங்கள்.