கடைசி அரை கிலோமீட்டர்

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சென்ற மாதம் மால்டா போய்விட்டு வந்தார். மத்தியதரைக் கடலில் இருக்கும் குட்டித் தீவு நாடு. ஐரோப்பாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனவர், அவளைத் தொந்தரவு செய்யாமல் நான்கு நாள் தனியாக அங்கே சுற்றியிருக்கிறார். வயது 68. இரண்டு முழங்காலிலும் வலி. கார் கிடையாது, வழிகாட்டி கிடையாது.

“ஒரு கஷ்டமும் இல்லப்பா. வல்லெட்டா ஊர் வாசல்லயே பஸ் ஸ்டாண்டு. உள்ள நடந்தா அந்தக் கோடிக்கு ஒரு கிலோமீட்டர்தான். பெரிய தெருவுல வண்டியே விடமாட்டான். மேட்டுலேர்ந்து துறைமுகத்துக்கு இறங்க லிஃப்ட், அக்கரைக்குப் போகப் படகு” என்று போட்டோக்களைக் காட்டிக்கொண்டே போனார்.

எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் வேறொரு எண்ணம் தோன்றியது. கடல், பழைய துறைமுகம், கோயில், பழைய சர்ச், மீன் வாசம் எல்லாம் நம்மிடமும் இருக்கிறதே. நாற்பது வருஷமாகத் திருவொற்றியூரில் குடியிருக்கிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு நாளாவது ஊர் பார்க்க வந்தவனைப் போலச் சுற்றியிருக்கிறேனா? இல்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், அவ்வளவுதான்.

மகனிடம் சொன்னேன். “கால் டாக்ஸி புக் பண்ணித் தரேன்ப்பா, தனியா எதுக்கு?” என்றான். போன வருஷம் அவன் காரில் எண்ணூர் போன அனுபவம் எனக்கு மறக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் உட்கார்ந்து, முன்னால் நின்ற டிரெய்லரின் பின்புறத்தை ஒன்றரை மணி நேரம் பார்த்ததுதான் மிச்சம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு வியாழக்கிழமை காலை தண்ணீர் பாட்டிலும் குடையுமாகக் கிளம்பினேன்.

பீச் போகும் மின்சார ரயிலுக்குக் காத்திருந்து ராயபுரத்தில் இறங்கினேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் புறப்பட்டது இங்கிருந்துதான். இப்போது அதன் தூண்களை ஏறிட்டுப் பார்க்கக்கூட யாருக்கும் நேரம் இல்லை. ராயபுரம் என்ற பெயரே ராயப்பர், அதாவது புனித பேதுருவின் பெயரால் வந்தது என்பார்கள். பேதுரு மீன் பிடித்தவர். கடலை நம்பிய மக்கள் அவருக்குக் கோயில் கட்டியதில் ஆச்சரியம் என்ன? 1910-ல் எழுந்த பார்சிகளின் அக்னி கோயிலும் அதே வட்டாரத்தில்தான். ஒரு மணி நேர நடைக்குள் இத்தனை பேருடைய கதை.

காசிமேட்டில் நின்று கடலைப் பார்த்தால் ஒன்று புரியும். மெரினாவில் அத்தனை அகல மணல் இருக்கிறது. இங்கே கருங்கல் கொட்டிய கரைதான். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கே தடைபட்டு நின்றது. தெற்கே கடற்கரை வளர்ந்தது, வடக்கே கடல் கரையைத் தின்றது. ஊர் முழுக்கக் காற்று வாங்கும் அந்த மணல் ஒரு வகையில் இந்தப் பக்கத்துக் குப்பங்களுக்கு வந்திருக்க வேண்டிய மணல். புத்தகத்தில் படித்திருந்தேன். கல்லின்மேல் அலை அடிக்கும் சத்தத்தை நின்று கேட்டபோதுதான் உறைத்தது.

அங்கிருந்து பஸ். அறுபது தாண்டியவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதம் பத்து டோக்கன் தருகிறது, 2016 முதல். பலர் வாங்குவதே இல்லை. நான் வாங்குகிறேன்.

தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் தரிசித்துவிட்டு, பட்டினத்தார் சமாதி பக்கம் நடந்தேன். கப்பல் வாணிபம் செய்த பெரும் செல்வர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே திரிந்தவர் என்பது வழக்கு. வண்டி இல்லாமல் கிளம்பியவனுக்கு அவரைவிடப் பொருத்தமான துணை ஏது?

கடலை நெருங்குவதற்குள் எண்ணூர் விரைவுச் சாலை குறுக்கே வந்தது. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக. சிக்னல் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இல்லை. பத்து நிமிஷம் நின்றிருப்பேன். பொறுமை இழந்து இரண்டடி வைத்தேன். ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்த அடியில் குடை கையிலிருந்து விழுந்தது. அதன் பின்சக்கரம் குடையின் மேல் ஏறிப் போனது. என் காலுக்கும் சக்கரத்துக்கும் ஒரு முழம்கூட இருந்திருக்காது.

பின்னால் மீன் கூடையோடு நின்ற ஒரு அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தார். “நைனா, என்கூட வா. கையக் காட்டிக்கினே வா, நிறுத்துவான்.” நிறுத்தினான். அக்கரையில் விட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். வடசென்னை என்றால் சினிமாவில் அரிவாள்தான். எனக்குக் கிடைத்தது இந்தக் கை.

பிறகு எண்ணூருக்கு ரயில். மூன்றே ஸ்டேஷன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம். ஒரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர்கள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் அப்பியதும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடி எண்ணெய் படர்ந்ததும் இந்தக் கடலோரத்தில்தான். அழகான இடம் என்று சொல்ல நாக்கு கூசும். ஆனால் பார்க்க வேண்டிய இடம். சென்னைக்கு மின்சாரமும் சரக்கும் எங்கிருந்து வருகின்றன, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பது தெரிய வேண்டாமா?

இனி என் கட்சி. நம்மிடம் வண்டி வசதி இல்லை என்று சொல்லவே முடியாது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஒன்பது கிலோமீட்டர் மெட்ரோவை 3,770 கோடி ரூபாய் செலவில் 2021-ல் திறந்தார்கள். லிஃப்ட் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. என் வயதுக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று இளைஞர்களுக்குத் தெரியாது. மின்சார ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. இல்லாதது ஸ்டேஷன் வாசலிலிருந்து போகிற இடம் வரைக்குமான அந்தக் கடைசி அரை கிலோமீட்டர்தான். நடைபாதை, நிழல், உட்கார ஒரு திண்ணை, சாலையைக் கடக்க ஒரு சிக்னல்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று தனிக் கொள்கை வகுத்தது. 2019-ல் தி.நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது, சந்தோஷம். வடக்கே வர எத்தனை வருஷம் ஆகும்?

லாரிகளை விரட்டச் சொல்லவில்லை. இந்தத் தொழிற்பேட்டை போட்ட சோற்றில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். டிரைவரும் பிள்ளைகுட்டிக்காரன்தான். நடக்கிறவனுக்கு ஒரு நிமிஷம் சிவப்பு விளக்கு எரிந்தால் துறைமுகம் மூழ்கிவிடாது என்று மட்டும் சொல்கிறேன். அந்த மீன்கார அம்மாள் தினமும் கையைக் காட்டித்தான் சாலையைக் கடக்கிறார். நான் ஒரு நாள் ஊர் சுற்ற வந்தவன். அவருக்கு அது பிழைப்பு.

ஒரு ஊர் நல்ல ஊரா என்று தெரிய அங்கே என்னென்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். வயதான ஒருவர் கார் இல்லாமல், துணை இல்லாமல் காலையில் கிளம்பி மாலையில் முழுசாக வீடு திரும்ப முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

அன்று நான் திரும்பிவிட்டேன். குடை திரும்பவில்லை. மகனிடம், ரயிலில் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். இதைப் படித்தால் உண்மை தெரிந்துகொள்வான். அடுத்த முறை டாக்ஸிக்குப் பதில் அவனே கூட நடந்து வரட்டும்.