பாதையின் உரிமையும் பாலகனின் உரிமையும்

தாய் தன் மகவுக்குப் பாலூட்டும் செயலைத் திருமறை ஓரிடத்தில் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோர்க்கு இரண்டு முழு ஆண்டுகள் எனக் காலவரையறை தருகிறது அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆவது வசனம். பெற்றோருக்கு நன்றி பாராட்டுமாறு பணிக்கும் லுக்மான் அத்தியாயம், தாய் சுமந்த துன்பத்தோடு சேர்த்துப் பால்குடி மறக்கச் செய்த அந்த ஈராண்டுகளையும் நினைவூட்டுகிறது. அஹ்காஃப் அத்தியாயமோ சுமத்தலையும் பால்குடி மறத்தலையும் இணைத்து முப்பது திங்கள் என்று கணக்கிட்டுரைக்கிறது. பிர்அவ்னின் ஆட்கள் ஆண் மகவுகளைத் தேடித் தேடிக் கொன்ற நாளில், மூஸா (அலை) அவர்களின் அன்னைக்கு இறைவன் அறிவித்த முதற் கட்டளை எது? குழந்தையை ஆற்றில் விடுவதன்று. முதலில் பாலூட்டு என்பதே கட்டளை. அச்சம் மிகுந்தால் ஆற்றில் விடு என்பது அதற்குப் பின்னரே வருகிறது. உயிருக்கு ஆபத்து சூழ்ந்த வேளையிலும் குழந்தையின் பசி முன்வரிசையில் நின்றது.

இத்துணைச் சிறப்பாக இறைவன் எடுத்துரைத்த ஒரு செயலைச் செய்ய, நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு தாய் ஏன் கூனிக் குறுக வேண்டியிருக்கிறது? கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. அவள் சுவரை நோக்கித் திரும்புகிறாள். தலைத்துணியை இழுத்து இழுத்து விடுகிறாள். கணவர் எழுந்து முன்னால் மறைப்பாக நிற்கிறார். எதிர்ப் பலகையில் அமர்ந்திருப்போர் பலர் நல்லவர்கள்தாம். ஆயினும் அவர்களில் இருவர் பார்வையை எடுப்பதில்லை. மற்றொருவர் முகத்தைச் சுளிக்கிறார். உற்றுப் பார்ப்பதும் முகம் சுளிப்பதும் வேறு வேறு குணங்கள் போலத் தோன்றும். அந்தத் தாய்க்கு இரண்டும் ஒன்றே. இரண்டும் அவளை எழுந்து போகச் சொல்கின்றன.

பிறந்த குழந்தை நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் அருந்தும் என்று மருத்துவர் கூறுகின்றனர். அப்படியானால் சென்னையிலிருந்து நாகூருக்குப் பகலில் பேருந்தேறும் தாய், இடைவழியில் மூன்று முறையாவது பாலூட்டியாக வேண்டும். வீட்டுக்குப் போய்க் கொடுக்கலாமே என்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. வீட்டிலேயே இருந்துவிடட்டுமே என்பவரும் உண்டு. பிரசவித்த பெண்ணுக்கு மருத்துவமனை இல்லையா, தடுப்பூசி நாள் இல்லையா, தாய்வீட்டில் நிகழும் இறப்பும் திருமணமும் இல்லையா?

பொது இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவான விதியொன்றை வகுத்தளித்துள்ளார்கள். பாதைகளில் அமர்வதைத் தவிர்க்குமாறு தோழர்களுக்கு அறிவுரை கூறினார்கள். எங்கள் பேச்சுக்கு அதைவிட்டால் வேறு இடமில்லையே என்று தோழர்கள் முறையிட்டபோது, அப்படியாயின் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அந்த உரிமை யாது என்று வினவப்பட்டதும் அண்ணலார் வரிசையாகச் சொன்னவற்றுள் முதலாவது, பார்வையைத் தாழ்த்துதல். தொல்லை தராதிருத்தலும், ஸலாமுக்கு மறுமொழி கூறுதலும், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தலும் அதன் பின்னரே இடம்பெறுகின்றன. அபூ ஸஈத் அல்குத்ரி (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நபிமொழி புகாரியில் பதிவாகியுள்ளது. பேருந்து நிலையமும் புகைவண்டி மேடையும் மருத்துவமனைத் தாழ்வாரமும் இன்றைய பாதைகளே என்பதில் எவருக்கேனும் ஐயம் உண்டா?

அந்நூர் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். பெண்களின் உடை பற்றிய 31-ஆவது வசனத்தை நம்முள் பலர் மனப்பாடமாக அறிவர். அதற்கு முந்தைய வசனம் நம்பிக்கை கொண்ட ஆண்களை விளித்து அவர்தம் பார்வையைத் தாழ்த்துமாறு கட்டளையிடுகிறது. இறைவன் முதலில் பேசியது ஆண்களிடம். நாமோ அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டோம்.

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு இறுதி ஹஜ்ஜின்போது நிகழ்ந்ததைப் பாருங்கள். கஸ்அம் குலத்துப் பெண்ணொருத்தி, முதுமையால் வாகனத்தில் அமர இயலாத தன் தந்தைக்காகத் தான் ஹஜ்ஜுச் செய்யலாமா என்று கேட்க அண்ணலாரிடம் வந்தாள். அவர்களுக்குப் பின்னால் ஒட்டகத்தில் அமர்ந்திருந்த இளைஞர் ஃபள்லு இப்னு அப்பாஸ் (ரலி) அவளை நோக்கலானார். பெருமானார் (ஸல்) அவர்கள் ஃபள்லின் முகத்தைப் பற்றி மறுபுறம் திருப்பிவிட்டார்கள். அந்தப் பெண் கேட்ட வினாவுக்கு, ஆம் செய்யலாம் என்று விடையும் அளித்தார்கள். அவளைப் போகச் சொல்லவில்லை. கேள்வியை வேறு நாளில் கேட்கச் சொல்லவும் இல்லை. திருப்பப்பட்டது பார்த்தவரின் முகம்.

இது பாலூட்டும் தாயைப் பற்றிய நிகழ்ச்சி அன்றே என்று சிலர் எதிர்வாதம் கூறலாம். அவர்களுக்காகவே உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு நிகழ்ச்சி புகாரியில் காத்திருக்கிறது. போர்க் கைதிகள் சிலர் அண்ணலாரின் முன் கொண்டுவரப்பட்டனர். அவர்களிடையே ஒரு பெண்; மார்பில் பால் சுரந்து நிற்க, தவித்துத் தேடிக்கொண்டிருந்தாள். கைதிகளுக்கிடையே ஒரு குழந்தையைக் கண்டதும் வாரியெடுத்து, வயிற்றோடு அணைத்துப் பாலூட்டினாள். ஆண்கள் நிறைந்த திறந்தவெளி அது. அண்ணலார் அவளைக் கடிந்துரைக்கவில்லை. தோழர்களை நோக்கி, இவள் தன் குழந்தையை நெருப்பில் எறிவாள் என்று நினைக்கிறீர்களா என வினவினார்கள். எறியாதிருக்க அவளுக்கு ஆற்றல் உள்ளவரை ஒருபோதும் எறியமாட்டாள் என்றனர் தோழர்கள். இவள் தன் குழந்தைமீது கொண்ட இரக்கத்தைவிட அல்லாஹ் தன் அடியார்கள்மீது அதிக இரக்கம் உடையவன் என்று நவின்றார்கள். படைத்தவனின் பேரருளுக்கு உவமை தேடிய வேளையில், பலர் நடுவே பாலூட்டிக்கொண்டிருந்த ஒரு தாய்தான் அவர்களுக்கு உவமையானாள். அதே காட்சி நம் கண்ணுக்கு மட்டும் எப்படி அருவருப்பாயிற்று?

ஹயா என்னும் வெட்கம் ஈமானின் ஒரு கிளை. அதை யாரும் மறுக்கவில்லை. பெண்ணின் உடலை அந்நியர் காணாமல் மறைத்தல் மார்க்கத்தின் நெறி. பாலூட்டும்போதும் அந்நெறி உண்டு. ஆனால் மறைத்துக்கொண்டு பாலூட்டுவதையும், பாலூட்டுவதையே மறைப்பதையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். போர்வைக்குள் குழந்தையை அணைத்துப் பொதுவிடத்தில் பாலூட்டும் தாயைத் தடுக்க ஓர் ஆயத்தும் இல்லை. ஒரு ஹதீஸும் இல்லை. குழந்தை காலை உதைத்துத் துணி ஒரு கணம் விலகிவிட்டால் அதற்காகத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் முறையன்று. முதற் பார்வை மன்னிக்கப்படும், அதைத் தொடரும் அடுத்த பார்வை உமக்குரியதன்று என்று அலீ (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை இத்தகைய கணங்களுக்கென்றே அமைந்தது போலிருக்கிறது.

நம் பாட்டிமார் வெளியே செல்கையில் போர்த்திய வெள்ளைத் துப்பட்டியை எண்ணிப் பார்க்கிறேன். அகன்று நீண்ட அந்தத் துணிக்குள் தாயும் சேயும் ஒருங்கே அடங்குவர்; உள்ளே குழந்தை பசியாறுவது அருகிலிருப்பவருக்கும் தெரியாது. இன்று கடைகளில் விற்கும் புர்காக்களில் பல, கழுத்திலிருந்து கணுக்கால் வரை திறப்பே இல்லாமல் தைக்கப்பட்டவை. அழகு கருதித் தைத்தவர் கைக்குழந்தையைக் கருதவில்லை. முன்புறம் ஒரு ஜிப்பு வைக்கச் சொல்வதற்கும், மேலே அகன்ற தாவணியொன்று வாங்குவதற்கும் ஆகும் செலவு சொற்பமே. தையற்காரரிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆண்களைக் குறைகூறி முடித்துவிட்டால் பாதி உண்மையே பேசியதாகும். பேருந்திலும் திருமண வீட்டிலும் இளந்தாயை முதலில் அதட்டுவது பெரும்பாலும் நம் மாமிமார்தாம். ‘நாலு பேர் இருக்கிற இடத்திலா?’ என்ற ஒரு கேள்வி போதும். அந்தப் பெண் அடுத்த பயணத்துக்குப் பால்புட்டியோடு கிளம்புவாள். சில வீடுகளில் பாலூட்டினால் ஒளு முறிந்துவிடும் என்ற எண்ணமும் நிலவுகிறது. தொழுகை நேரம் நெருங்கும்போது குழந்தையை அழவிடுவோர் இருக்கின்றனர். பாலூட்டுவதால் ஒளு முறிவதில்லை என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம். குழந்தையின் அழுகுரல் கேட்டால், நீட்ட எண்ணிய தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். தாயின் மனம் படும் பாட்டை அறிந்தே அவ்வாறு செய்ததாக அவர்களே கூறியுள்ளார்கள். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

புட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கேடு அங்கேதான் விளைகிறது. தாய்ப்பால் பாத்திரத்தில் நிறைந்து காத்திருக்கும் பொருளன்று. குழந்தை உறிஞ்ச உறிஞ்ச ஊறுவது. ஒரு வேளை தவறினால் சுரப்பு ஒரு படி தணியும். பல வேளை தவறினால் பால் போதவில்லை என்ற பேச்சு வீட்டில் எழும். அதன்பின் பால்பவுடர் டப்பா நிரந்தர விருந்தாளியாகிவிடும். பயணத்தில் அந்தப் பவுடரைக் கரைக்கும் நீர் எங்கிருந்து வருகிறது, புட்டியைக் கொதிநீரில் கழுவ யாரால் முடிகிறது? முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலன்றித் தண்ணீர்கூடத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைகளுக்கான பால்பவுடருக்கு விளம்பரம் செய்வதைத் தடுத்து 1992-ஆம் ஆண்டிலேயே நம் நாடு சட்டம் இயற்றியது. விளம்பரங்கள் செய்ய முடியாத வேலையை நம் பார்வைகள் செய்து கொடுக்கின்றன. உடல்நிலை காரணமாகப் பாலூட்ட இயலாத தாய்மாரை இங்கே குறிப்பிடவில்லை. அவர்களுக்கு மார்க்கமும் இடமளிக்கிறது, மருத்துவமும் வழிகாட்டுகிறது. இயன்றும் கூசி நிறுத்துகின்றவர்களைப் பற்றியதே என் கவலை.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நிகழ்ந்ததாக இப்னு ஸஅத் எழுதிவைத்த வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. மதீனாவில் வந்து தங்கிய வணிகக் கூட்டத்துக்கு இரவில் காவல் இருந்த கலீஃபா, ஒரு குழந்தை விடாது அழுவதைக் கேட்டார்கள். இருமுறை தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்குமாறு கூறியும் அழுகை ஓயவில்லை. மீண்டும் சென்று வினவியபோது, தன்னிடம் பேசுபவர் இன்னாரென்று அறியாத அத்தாய், பால்குடி மறந்த குழந்தைக்கே உமர் உதவித்தொகை தருகிறார், அதனால் இவனுக்கு முன்னதாகவே பாலை நிறுத்துகிறேன் என்றாள். அன்றைய ஃபஜ்ரு தொழுகையில் கலீஃபாவின் ஓதல் அழுகையினால் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லையாம். தம் ஆணையால் எத்தனைக் குழந்தைகள் மடிந்தனவோ என்று கலங்கி, பிறந்த நாள் முதலே எல்லாக் குழந்தைகளுக்கும் உதவித்தொகை உண்டு என அறிவிக்கச் செய்தார்கள். உமர் (ரலி) அவர்களின் ஆணை நல்லெண்ணத்தில் பிறந்தது. எனினும் அது தாய்மாரைப் பால் நிறுத்த வைத்தது. முகச் சுளிப்பு என்னும் நம் எழுதாத ஆணையும் அதையே செய்கிறது. அவர்கள் ஓரிரவில் திருத்திக்கொண்டார்கள்.

அரசும் நீதிமன்றமும் இதில் வாளாவிருக்கவில்லை. 2015 ஆகஸ்டில் தமிழக அரசு 352 பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. போற்றத்தக்க தொடக்கம்; ஆயினும் அவற்றுள் சில பூட்டிக் கிடப்பதாகவும் வேறு பயனுக்கு மாறிவிட்டதாகவும் செய்திகள் பின்னர் வந்ததுண்டு. 2018-இல் கேரள மாதமிருமுறை இதழொன்றின் அட்டைப்படம் பெரும் வழக்காடலைக் கிளப்பியது. அதில் ஆபாசம் இல்லை என்று அம்மாநில உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. படத்திலிருந்தவர் அக்குழந்தையின் தாய் அல்லர். படத்தைப் பற்றிக் கட்சி பிரிந்து பேசியவர்களுக்கு, பேருந்தில் அமர்ந்திருந்த உண்மைத் தாய் மறந்தே போனாள். 2025-இல் உச்சநீதிமன்றம் அவளை நினைவுகூர்ந்தது: பொது இடத்திலும் பணியிடத்திலும் பாலூட்டுவதை இழிவாகக் கருதலாகாது என்றும், பொதுக் கட்டடங்களில் இதற்கென இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்றும் அது உரைத்தது. ஸ்காட்லாந்து நாட்டில் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், பொதுவிடத்தில் குழந்தைக்குப் பால் புகட்டுவதைத் தடுப்பதையே குற்றமாக்கியது. அச்சட்டம் பாதுகாக்கும் குழந்தையின் வயதெல்லை இரண்டு ஆண்டுகள்! அல்பகராவின் ஈராண்டை அறிந்த நமக்கு அந்த எண் அந்நியமாகத் தோன்றாது.

அறை வேண்டும், ஆனால் அறை இருக்கிறதே என்பதற்காக வெளியே அமர்ந்து பாலூட்டுபவளை உள்ளே விரட்டுதல் கூடாது. அறை அவளுடைய வசதிக்கு, நம்முடைய வசதிக்கன்று. கழிப்பறையைச் சுட்டிக்காட்டுவோரிடம் ஒன்றே கேட்கலாம்: தங்கள் நோன்புக் கஞ்சியை அங்கே கொண்டுபோய் அருந்துவார்களா?

நம் ஜமாஅத்துகளால் செய்யக்கூடியவை உண்டு. பார்வையைத் தாழ்த்துதல் பற்றிய பேச்சு பெரும்பாலும் பெண்களுக்கான பயான்களிலேயே நடக்கிறது. கேட்க வேண்டியவர்களோ ஜும்ஆ மேடைக்கு எதிரே அமர்ந்திருக்கிறார்கள். பாதையின் உரிமையைப் பற்றிக் கத்தீபுகள் அங்கே ஒரு வாரம் பேசட்டும். நெடுஞ்சாலை ஓரப் பள்ளிவாசல்கள் சிலவற்றில் பயணம் செய்யும் பெண்கள் தொழுவதற்கு இடம் அமைத்திருக்கிறார்கள். அதன் ஒரு மூலையில் திரையும், சாய்ந்து அமர ஒரு நாற்காலியும், மின்விசிறியும், குடிநீரும் வைத்தால் போதும். பசித்த குழந்தையோடு இறங்கும் எந்தச் சமயத்துத் தாயும் அங்கே வந்து அமரலாம். மதரஸா உள்ள ஊர்களில் ஒரு வகுப்பறையே இதற்குப் போதுமானது. மீலாது மேடை அலங்காரத்துக்கு ஒதுக்கும் தொகையில் சிறு பகுதிகூட இதற்கு ஆகாது. அக்கதவுக்கு உட்புறம் ஒரு தாழ்ப்பாள் இருக்கட்டும். வெளிப்புறம் பூட்டு வேண்டாம்.