பழைய ஆட்டமும் புதிய கணக்கும்

முதனூலின் பொருளைத் தழுவியும் வேண்டுமிடத்து வேறுபட்டும் எழுவதை வழிநூல் என்று நம் இலக்கண ஆசிரியர் வகுத்தனர். கணினி விளையாட்டு என்னும் புதுக்கலையிலும் இத்தகைய வழிநூல்கள் உள. பழைய ஆட்டத்தின் பெயரும் உரிமையும் ஒருவர் கையில் இருக்க, அதன் உயிர்க் கருத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு வேறொன்றை ஆக்குவர். 1988இல் வெளிவந்த 'வேஸ்ட்லாண்ட்' என்னும் ஆட்டத்தின் பெயருரிமை கிடையாமையால், அதனை ஆக்கிய இன்டர்பிளே நிறுவனத்தார் 1997இல் 'போல்அவுட்' என்பதை ஆக்கினர். முதலினும் வழியே பெரும்புகழ் பெற்றது. இத்தகையதை வழியாட்டம் என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

குறையற்ற ஆட்டத்துக்கு வழியாட்டம் செய்வோர்க்கு மெருகிடும் வேலையே மிஞ்சும். குறையுள்ள ஆட்டத்தை எடுத்துக்கொண்டோரோ, எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று தேர்தல் வேண்டும். அக்கரப்பத்தனையிற் பிறந்த நம்மவர்க்கு மிக நெருங்கிய ஓர் ஆட்டத்தைக் கொண்டு இதனை ஆராயலாம்.

1994இல் அமெரிக்காவின் மைக்ரோபுரோஸ் நிறுவனம் 'கொலனைசேஷன்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. பிறையன் ரெனோல்ட்ஸ், சிட் மெயர் என்போர் அதனை வகுத்தனர். ஆடுவோர் 1492ஆம் ஆண்டில் ஒரு கப்பலுடன் புதிய கண்டத்தை நோக்கிப் புறப்படுவர். கரும்பும் புகையிலையும் பருத்தியும் பயிரிட்டு, கரும்பை மதுவாகவும் பருத்தியைத் துணியாகவும் மாற்றி, ஐரோப்பியச் சந்தையில் விற்பர். விற்க விற்க விலை இறங்கும். அரசனோ வரியை ஏற்றிக்கொண்டே போவான். ஈற்றிலே சுதந்திரம் பிரகடனஞ் செய்து, அரசனின் படையை வென்றால் ஆட்டம் முடியும். மூலப்பொருள், பட்டறை, கப்பல், சந்தை, வரி என்னும் சங்கிலியை இத்துணைத் தெளிவாக விளக்கிய ஆட்டங்கள் சிலவே.

இனி, அதன் குறைகளுக்கு வருவோம். முதலாவது, பலரும் எடுத்துக்காட்டிய குறை: கரும்பும் பருத்தியும் விளைந்த அந்நிலங்களில் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பு பெரும்பங்கு கொண்டிருந்தும், ஆட்டத்தில் அவர்கள் இல்லை. இரண்டாவது குறை நுண்ணியது. ஒப்பந்தப் பணியாளர் என்றொரு வகுப்பு ஆட்டத்தில் உண்டு. பட்டறையில் சுதந்திரக் குடியானவன் மூன்று அளவு பொருள் செய்யுமிடத்து, ஒப்பந்தப் பணியாளன் இரண்டே செய்வான். உண்மையில் ஒப்பந்தம் கடதாசியில் இருந்தது. ஆட்டமோ அதனை அவனது கைத்திறனின் குறையாக எழுதிவிட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்து அவன் விடுதலை பெறும் நாள் ஒன்றும் அதில் வருவதில்லை. மூன்றாவது, சுதந்திரத்தோடு கதை முற்றுப்பெறுகின்றது.

இவ்வாட்டத்துக்கு வந்த வாரிசுகள் என்ன செய்தன? 2008இல் பிரக்சிஸ் நிறுவனம் இதனைப் புதுக் கோலத்தில் வெளியிட்டது. படங்கள் அழகு பெற்றன, அடிமைகளின் இடம் வெறுமையாகவே இருந்தது. தன்னார்வத் தொண்டர்கள் 2003 முதல் 'பிரீகொல்' என்னும் இலவச ஆட்டத்தை வளர்த்து, இருபது ஆண்டுகளின் பின் 2023இல் முதலாம் முழுப் பதிப்பாக்கினர். அவர்தம் உழைப்பு போற்றற்குரியது. எனினும் பழைய விதிகளை வழுவாது காத்தமையால், பழைய குறைகளையும் உடன் காத்தனர். பலகை ஆட்டம் செய்வோர் வேறு வழி கண்டனர். தோட்டப் பயிரை மையமாகக் கொண்ட 'புவேர்ட்டோ ரிக்கோ' (2002) என்னும் ஆட்டம், அடிமை முறை ஒழிந்தபின் உள்ள 1897ஆம் ஆண்டுக்கு 2022இல் மாற்றப்பட்டது. 'ஸ்பிரிட் ஐலண்ட்' (2017) என்பதிலோ, குடியேறுவோரை எதிர்த்து நிற்கும் தீவின் தெய்வங்களாக ஆடுவோர் அமர்வர். ஒன்று காலத்தை மாற்றிற்று; மற்றது ஆசனத்தையே மாற்றிற்று.

ஆசனத்தை மாற்றுவதே நமக்கும் ஏற்ற வழி என்பது எம் கருத்து. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்ததும், அவ்விடத்தைத் தேயிலை கொண்டதும் யாவரும் அறிந்ததே. துரையின் கணக்குப் புத்தகத்தில் அவ்வரலாறு விலையும் விளைச்சலுமாக நிற்கின்றது. லயத்துக் காம்பறாவில் அதற்கு வேறு கணக்கு உண்டு. கங்காணியிடம் பட்ட கடனைத் 'துண்டு' என்னும் சீட்டிற் குறித்துக் கொடுத்தனர். அக்கடனை ஏற்றுக்கொள்ளும் தோட்டத்துக்கே தொழிலாளர் செல்லலாம். அம்முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிந்தது. ஒரு நாளுழைப்பைப் 'பேர்' என்றும், நிறை குறைந்தால் 'அரைப் பேர்' என்றும் தோட்டத்து வழக்குக் கூறும். மனிதரின் பெயரே கூலியின் அளவையான இவ்வழக்கை அறிந்தவன், ஆளை வெறும் எண்ணாகக் காட்டும் ஆட்டத்தை அவ்வாறே பிரதிசெய்ய ஒருப்படான்.

நாம் ஆக்கும் வழியாட்டத்தில் பழைய சங்கிலி அப்படியே இருக்கட்டும்: கொழுந்து, தொழிற்சாலை, கொழும்பு ஏலம், கப்பல், இலண்டன் விலை. ஆனால் அதே நாளைக் குடும்பத்தின் புத்தகத்திலும் எழுதவேண்டும். விலை இறங்கினால் யாருடைய பேர் அரையாகின்றது, எத்துணைக் கடன் ஏறுகின்றது, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு மலைக்குப் போகின்றது என்பவை விதிகளாக வரவேண்டும். பழைய ஆட்டத்தில் ஒப்பந்தப் பணியாளனைச் சுதந்திரக் குடியாக உயர்த்தும் சிறந்த கருவி பாடசாலை என்பது இம்மலரைப் படிப்போர்க்கு உவகை தரலாம். அங்கே ஒரு கட்டடமும் ஓர் ஆசிரியரும் போதும். இங்கோ 1945இல் இலவசக் கல்வி வந்தும், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். இடைப்பட்ட ஆண்டுகளும் ஆட்டத்திற் கழியவேண்டும். சுதந்திரத்தின் பின்னும் ஆட்டம் தொடர்தல் வேண்டும். 1948இல் இந்நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் அவர்களை இலட்சக் கணக்கிற் பங்கிட்டனர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலே வந்தது.

இவ்வாறு செய்தால் ஆட்டம் பிரசங்கமாகிவிடும் என்று சொல்வாரும் உளர். நியாயமான அச்சமே. துயரத்தைப் படமாகக் காட்டி அழச்செய்தல் எளிது, அஃது ஆட்டமாகாது. ஆடுவோர்க்கு உண்மையான தெரிவுகள் இருத்தல் வேண்டும்: கடனை அடைப்பதா, பிள்ளையைப் படிப்பிப்பதா, இந்தியாவுக்கு விண்ணப்பிப்பதா, இங்கேயே நிற்பதா. நம் முன்னோர் இத்தெரிவுகளைச் செய்தவர்கள். ஏவியபடி இயங்கிய பொம்மைகள் அல்லர். தமிழர் வாழ்வு ஆட்டமாக அமையுமோ என்று ஐயுறுவோர், கனடாவில் ஆக்கப்பட்டு 2023இல் வெளிவந்த 'வெண்பா'வை நோக்குக. தமிழ்க் குடும்பம் ஒன்றின் அடுக்களையைக் கொண்டே அது உலகெங்கும் பாராட்டுப் பெற்றது.

இளைய மாணவர்க்கு ஒன்று கூறி அமைவோம். பிரீகொல்லின் நிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து கிடக்கின்றது. ஒப்பந்தப் பணியாளனின் உழைப்பு இரண்டாகக் குறைக்கப்பட்ட விதியை அதிற் கண்டுபிடித்து, அவ்விடத்தில் கடனை எழுதிப் பாருங்கள். முதற் பாடத்துக்கு அது போதும். பழைய மாணவர்களுக்கும் கடமை உண்டு. பிரட்டுக் களத்தையும் செக்ரோலையும் நன்கறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்கள் சொல்லும் கணக்கை இப்போதே எழுதிவைத்து மாணவர் கையில் ஒப்படைப்போமாக.