பக்தாத் விளையாட்டை வாங்கித் தரலாமா?

 

நம் புதுச்சேரியிலிருந்து ஒரு தாய் எழுதிய மடல் இரண்டு வாரங்களாக என் மேசைமீது இருக்கிறது. கணவர் பிரான்சில் பணிபுரிகிறார். மூத்த மகன் பதினொன்றாம் வகுப்பு. இரண்டு பெருநாட்களில் உறவினர் கொடுத்த காசைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்து, 'மிராஜ்' என்றொரு விளையாட்டை வாங்கித் தரும்படி கேட்கிறான். "பெயரைக் கேட்டதும் மிஃராஜ் இரவைப் பற்றியது போலும் என்றெண்ணிச் சரியென்று சொல்லிவிட்டேன். பிறகு அவன் படத்தைக் காட்டினான். முக்காடிட்ட ஒருவன் கத்தியுடன் நிற்கிறான். வாக்குக் கொடுத்துவிட்டேன், இப்போது என்ன செய்ய?" என்று அந்தச் சகோதரி கேட்கிறார்.

'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் பதிலெழுதத்தான் பேனாவை எடுத்தேன். மடலின் அடியில், வேறொரு கையெழுத்தில், அம்மாவுக்குத் தெரியாமல் எழுதப்பட்டதோ என்னவோ, இரண்டு வரிகள் இருந்தன. "மாமா, மற்ற விளையாட்டுகளில் எல்லாம் நம் பெயர் உள்ளவனைச் சுட வேண்டும். இதில் மட்டும்தான் நம் பெயர் உள்ளவனாக விளையாடலாம்." அதைப் படித்தபின் அந்த ஒற்றைச் சொல்லை எழுத மனம் வரவில்லை.

பிள்ளை சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 2007இல் வெளியாகி உலகெங்கும் விற்ற 'கால் ஆஃப் டூட்டி' வரிசையின் நான்காம் பாகத்தில், பெயர் சொல்லப்படாத ஓர் அரபு நாட்டின் தெருக்களில் புகுந்து சுடுவதே பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அதே வரிசையில் 2021இல் வந்த ஒன்றில் திருக்குர்ஆன் ஏடுகள் தரையில் சிதறிக் கிடப்பதாகக் காட்டியிருந்தனர். முஸ்லிம்கள் கண்டித்தனர்; நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது. இந்த மனத்தாங்கல் நமக்கு மட்டும் உரியதுமன்று. 2002இல் 'ஹிட்மேன்' என்னும் ஒளிந்து கொல்லும் விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்தபோது, பொற்கோவிலை ஒத்த இடத்தில் சீக்கியர்கள் கொல்லப்படுவதைக் கண்டு சீக்கியச் சமூகம் கொதித்தெழுந்தது. பின்னர் அப்பகுதி திருத்தப்பட்டது. ஆகவே, தன் பெயருள்ளவன் கதாநாயகனாக நடமாடுவதைக் காண ஒரு பதினாறு வயதுப் பிள்ளை ஏங்குவதில் வியப்பென்ன?

என் மருமகன் கல்லூரியில் படிக்கிறான். அவனிடம் இந்த விளையாட்டு இருக்கிறது. முல்லா வீதியிலுள்ள அவன் வீட்டு மாடியில் இஷாவுக்குப் பிறகு சில இரவுகள் அவனருகே அமர்ந்து பார்த்தேன். கண்டதையே எழுதுகிறேன்.

முதலில் பெயர். மிஃராஜுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரெஞ்சு படித்த நம்மூர்ப் பெரியவர்களைக் கேட்டால் 'கானல் நீர்' என்று பொருள் சொல்லிவிடுவார்கள். இதைத் தயாரித்த யூபிசாஃப்டும் பிரெஞ்சு நிறுவனமே. போர்தோ நகரிலுள்ள அதன் கூடத்தில் உருவாகி 2023 அக்டோபர் 5 அன்று வெளிவந்தது. 'அஸாஸின்ஸ் க்ரீட்' என்ற நீண்ட தொடரில் இது ஒரு பாகம். 2007இல் வந்த முதல் பாகம் 1191ஆம் ஆண்டின் மூன்றாம் சிலுவைப் போர்க் காலத்துத் திமிஷ்க், அக்கா, ஜெரூசலம் நகரங்களில் நடந்தது. அதன் நாயகனும் அல்தயிர் என்ற அரபுப் பெயர் கொண்டவனே. பின்னர் தொடர் வேறு நாடுகளுக்குச் சென்றது. 2016இல் வந்த ஒரு சிறு கிளைப்பாகம் 1841ஆம் ஆண்டின் பஞ்சாபில், அர்பாஸ் மீர் என்பவனை நாயகனாகக் கொண்டு நடந்தது. இதை நம் பிள்ளைகளில் பலர் அறியார்.

இத்தொடரின் உயிர் ஒளிவுதான். நாயகன் படைதிரட்டிப் போரிடுவதில்லை. கூட்டத்தில் கலந்து நடக்கிறான். வைக்கோற் போரில் பதுங்குகிறான். கூரைக்குக் கூரை தாவுகிறான். காவலர் எந்த வழியாக எத்தனை நொடிக்கொரு முறை வருகிறார் என்று கணக்கிட்டுக் காத்திருக்கிறான். எகிப்து (2017), கிரேக்கம் (2018), வைக்கிங்குகளின் இங்கிலாந்து (2020) எனப் பிந்திய பாகங்கள் வந்தபோது இந்தப் பதுங்கல் குறைந்தது. கோடரியைத் தூக்கிக்கொண்டு கூச்சலிட்டு ஓடுவது மிகுந்தது. வைக்கிங் பாகத்தின் கதையை மட்டும் முடிக்கவே 60 மணி நேரத்திற்கு மேல் ஆகும். பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். அந்த வைக்கிங் பாகத்துக்கு ஒட்டாகத் திட்டமிடப்பட்டுப் பின் தனியே வளர்ந்ததுதான் 'மிராஜ்'. ஏறக்குறைய 15 முதல் 20 மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். குறுகியது என்று சிலர் குறை கூறினர். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் அதைக் குறையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, எதைக் கண்டேன்? பக்தாதைக் கண்டேன். கலீபா மன்சூர் 762இல் அடிக்கல் நாட்டிய வட்ட நகரத்தைக் கண்டேன். நம்மூர்க் காரர்களுக்கு, நகரைச் சுற்றி வளைத்த புல்வார் சாலைக்குள் வளர்ந்தவர்களுக்கு, இது எளிதில் விளங்கும். நம்முடையது நீள்வட்டம், அவருடையது முழு வட்டம். பஸ்ரா, கூஃபா, குராசான், ஷாம் என நான்கு திசைக்கு நான்கு வாயில்கள். நடுவே பச்சைக் குவிமாடம். அந்தக் குவிமாடம் 941இல் இடிந்து விழுந்தது. 1258இல் ஹுலாகுவின் படை வந்தது. இன்று நீங்கள் பக்தாத் சென்றாலும் அந்த வட்டத்தின் ஒரு செங்கல்லைக்கூடக் காண இயலாது. மண்ணில் இல்லாத நகரத்தின் கடைத்தெருவில் விளக்குகள் எரிவதையும், திஜ்லா நதியில் படகுகள் செல்வதையும், காகிதமும் துணியும் விற்போர் அரபு மொழியில் கூவுவதையும் அந்தச் சிறு மாடியறையில் பார்த்தபோது, ஒளித்து வைப்பானேன், என் கண்கள் கலங்கின. விளையாட்டு முழுவதற்கும் அரபுக் குரல்பதிவு உண்டு. ஆங்கிலத்தை மாற்றி அதையே வைத்துக்கொள்ளச் சொல்லி மருமகனை வற்புறுத்தினேன். எழுத்துகளை ஆங்கிலத்தில் படிக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. நகரில் குறித்த இடங்களுக்குச் சென்றால் அவ்விடத்தைப் பற்றிய சிறு வரலாற்றுக் குறிப்புகளும் அருங்காட்சியகப் படங்களும் திறக்கின்றன. இதற்காக வரலாற்றாசிரியர்களின் துணையை நாடியிருக்கிறார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இஸ்லாமியக் கலை அறிஞர் கிளேர் ஆண்டர்சன் அவர்களுள் ஒருவர். பைத்துல் ஹிக்மாவைப் பற்றிய குறிப்பை என் மருமகன் நின்று படித்தான். பாடப்புத்தகத்தில் அதே பத்தி இருந்திருந்தால் தாண்டிப் போயிருப்பான் என்பதை நான் அறிவேன்.

ஆயினும் சகோதரியே, வரலாறு என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். கதை தொடங்கும் 861இல் கலீபாவின் தலைநகரம் பக்தாத் அன்று, சாமர்ரா. 836 தொடங்கி 892 வரை அப்படித்தான் இருந்தது. அவ்வாண்டில் கலீபா முதவக்கில் கொல்லப்பட்டது உண்மை. கொன்றவர்கள் அவருடைய துருக்கிக் காவற்படையினர்; மகன் முன்தஸிருக்கும் அதில் பங்குண்டு என்பது வரலாறு. விளையாட்டிலோ, பாசிம் என்ற திருட்டு இளைஞன் அரண்மனைக்குள் நுழைந்த இரவில் அம்மரணம் நிகழ்கிறது. அதன்பின் அவன் அலமூத் மலைக்கோட்டைக்குச் சென்று மறைவுக் கூட்டத்தாரிடம் பயிற்சி பெறுகிறான். ஹசன் ஸப்பாஹ் அலமூத்தைக் கைப்பற்றியதே 1090இல்தான். இருநூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தை ஒரே தாவலில் தாண்டிவிட்டார்கள். கூரை தாவுகிறவனுக்கு இது பெரிதா என்ன!

இனி முட்களைச் சொல்கிறேன். பாசிம் கொலை செய்கிறான், அதற்காகவே படைக்கப்பட்டவன். வழிப்போக்கரின் இடுப்பிலிருந்து பணப்பையை நழுவவிட்டு எடுப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. விரல் சரியான கணத்தில் அழுத்தினால் திருட்டு வெற்றி, பரிசும் கிடைக்கும். கழுத்தறுப்பதைவிட இதுவே என்னை அதிகம் உறுத்தியது. மருமகன் அதைச் செய்யும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கொலையின்போது அந்தச் சிரிப்பு இல்லை. அமெரிக்கத் தர நிர்ணயத்தில் இது 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு, ஐரோப்பியத் தர நிர்ணயத்தில் 18 வயது நிறைந்தோருக்கு உரியது. உங்கள் மகனுக்கு இரண்டிலும் இடமில்லை.

அடுத்தது நம்பிக்கையைத் தொடுவது. பாசிமை ஒரு ஜின் கனவிலும் நனவிலும் வாட்டுகிறது. இறுதியில் அவன் யாரென்று தெரியும்போது, முந்திய வைக்கிங் பாகத்தின் கதையோடு முடிச்சுப் போடுகிறார்கள். அவன் வடதேசத்துத் தெய்வமாகிய லோகியின் மறுபிறப்பாம்! முடிவை முன்கூட்டியே சொன்னதற்கு விளையாடுவோர் என்னைப் பொறுத்தருள்க. வாங்கும் தாய்க்கு இது தெரிந்திருக்க வேண்டும். தம்பி, உன்னிடமும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பெயருள்ளவன் என்று நீ ஆவலோடு தேடிய நாயகனுக்கு அவர்கள் பக்தாதின் பெயரையும் உடையையும் கொடுத்தார்கள். உள்ளே வைத்தது வேறொன்றை.

விளையாட்டாக நோக்கினால் எப்படி? ஒளிந்து செல்வது நன்றாகவே அமைந்திருக்கிறது. ஒரு மாளிகைக்குள் நுழைய மூன்று நான்கு வழிகள். வணிகரோடு பேசி உள்ளே போகலாம், மதில் ஏறலாம், புகையெழுப்பிக் காவலரைத் திகைக்க வைக்கலாம். குற்றம் மிகுந்தால் சுவர்களில் இவன் படம் ஒட்டப்படுகிறது. அவற்றைக் கிழித்தெறிய வேண்டும், அல்லது முனாதிக்கு, அதாவது தெருவில் செய்தி கூவுபவனுக்குக் கைக்கூலி கொடுக்க வேண்டும். இந்த இடங்களில் பொறுமையும் கூர்ந்த கவனமும் வேண்டியிருக்கிறது. நேருக்கு நேர் வாட்போர் மட்டமானது. ஐந்து பேரை முன்கூட்டிக் குறித்துவைத்து மின்னல்போல் மறைந்து தோன்றி வீழ்த்தும் ஒரு வித்தையைச் சேர்த்திருக்கிறார்கள். ஒளிவின் சுவையைக் கெடுப்பது அதுவே. பயன்படுத்தாமல் ஆடினால் ஆட்டம் உயரும். கதை மாந்தரின் முகங்கள் மரப்பாச்சி போல் இருக்கின்றன. முந்திய பாகங்கள் எதையும் ஆடாதவன் கடைசி அரைமணி வரை குழப்பமின்றி ஆடலாம்.

பணத்தைப் பற்றி. வெளியானபோது அமெரிக்காவில் ஏறத்தாழ 50 டாலர். அந்நிறுவனத்தின் பெரிய விளையாட்டுகள் 70 டாலர். பழையதாக ஆக ஆக இவர்கள் விலையைத் தள்ளிக் கொடுப்பது வழக்கம்; தள்ளுபடி நாட்களில் பாதிக்கும் கீழே கிடைப்பதுண்டு. 2025 மார்ச்சில் ஜப்பானைக் களமாகக் கொண்ட அடுத்த பெரிய பாகமும் வந்துவிட்டதால் இதற்கு முழு விலை கொடுக்கத் தேவையே இல்லை. பிளேஸ்டேஷன் உள்ள வீடானால் வட்டாக வாங்குங்கள். ஆடி முடித்தபின் தம்பிக்கோ நண்பனுக்கோ கொடுக்கலாம், விற்கலாம். இணையத்தில் வாங்கினால் அந்த உரிமை இல்லை. கணினியில் ஆடுவதாயின் 8 ஜி.பி. நினைவகம், தனி கிராஃபிக்ஸ் கார்டு, வட்டில் 40 ஜி.பி. இடம், இவை குறைந்த அளவு. பள்ளிப் பாடத்துக்கென்று வாங்கிய சாதாரண மடிக்கணினியில் இது ஓடாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் விளையாட்டை வாங்கி, பிறகு விளையாட்டுக்காகக் கணினியை வாங்கிய குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். இலவசமாக இறக்கித் தருகிறேன் என்று வகுப்புத் தோழன் சொன்னால் வேண்டாமென்று சொல்லுங்கள். அது பிறர் உழைப்பைத் திருடுவது. கணினிக்குள் எதைக் கொண்டுவந்து வைக்கும் என்பதும் தெரியாது.

ஒரு மனக்குறையையும் இங்கே எழுதிவிடுகிறேன். இதே நிறுவனம் எகிப்து, கிரேக்கம், வைக்கிங் பாகங்களுக்கு, சண்டையும் கொலையும் அறவே நீக்கி, நகரங்களைச் சுற்றிப் பார்த்துக் கற்பதற்கென்றே தனிப் பதிப்புகளை 2018, 2019, 2021 ஆண்டுகளில் வெளியிட்டது. பள்ளிகளிலும் அவை பயன்பட்டன. பக்தாதுக்கு அப்படியொன்று வெளிவரவில்லை. வந்திருந்தால், மடல் கண்ட அன்றே 'வாங்குங்கள்' என்று எழுதியிருப்பேன்.

ஆகவே சகோதரியே, இப்போது வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடியட்டும். பிள்ளைக்குப் பதினெட்டு நிறையட்டும். வாக்கை முறித்ததாக ஆகாது. நாளைத் தள்ளி வைத்ததாகும். அந்த நாளை ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுங்கள். அவன் சேர்த்த காசை அவனிடமே விட்டுவிடுங்கள். அப்போது விலை இன்னும் இறங்கியிருக்கும். வாங்கியபின் கூடத்திலுள்ள தொலைக்காட்சியில் ஆடட்டும்; கதவடைத்த அறையில் வேண்டாம்.

தம்பி, அதுவரைக்கும் ஒரு வேலை தருகிறேன். பாசிம் கூரை தாவிய அதே காலத்தில் அந்நகரில் வாழ்ந்தவர் தத்துவ அறிஞர் அல்கிந்தி. விந்தைப் பொறிகளைப் பற்றி நூலெழுதிய பனூ மூஸா சகோதரர்களின் சூழ்ச்சியால், அவருடைய நூலகமே முதவக்கிலின் காலத்தில் பறிக்கப்பட்டதென்று பழைய நூலாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அறிஞரை அறிஞரே பகைத்த அந்தக் கதை எப்படி முடிந்தது, நூல்கள் அவருக்குத் திரும்பக் கிடைத்தனவா என்று தேடிப் பார். கிடைத்ததை எனக்கு எழுது; இம்முறை அம்மாவுக்குத் தெரிந்தே எழுதலாம்.